ஓ'நீல்களின் சிவப்புக் கை

919இல் டப்ளினைப் பிடித்துவைத்திருந்த வைக்கிங்குகளோடு மோதி, அயர்லாந்தின் பேரரசர் நீயல் குளூன்டுவ் களத்திலேயே மாண்டார். குளூன்டுவ் என்பது பட்டப்பெயர். கருமுழங்காலன் என்று பொருள். அவருடைய மகனை 'மாக் நீல்', அதாவது நீயலின் மகன் என்றார்கள். பேரன் டோனல், 'ஊவ நீல்': நீயலின் பேரன். அடுத்த தலைமுறையில் இந்த ஒட்டு மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. பின்வந்தவர்களும் செத்துப்போன பேரரசரின் பெயரையே பிடித்துக்கொண்டார்கள். 'ஊவ' தேய்ந்து 'ஓ' ஆயிற்று. ஐரோப்பாவில் பரம்பரைக் குடும்பப்பெயர் வெகு சீக்கிரம் நிலைத்த நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று. ஐரிஷ் மொழியில் இந்தக் குடும்பத்து மகள் மட்டும் 'நீ நீல்' என்றே எழுதுவாள், 'ஓ' ஆண்களுக்குரியது.

இதற்கு ஐந்து நூற்றாண்டு முந்திய 'ஒன்பது பிணையாளிகளின் நீயல்' இந்த மரபுக்கே மூதாதை என்பார்கள். குடும்பப்பெயர் வந்தது அவரிடமிருந்து அல்ல.

இனி ஓ'நீல்களின் கேடயச் சின்னம். வெள்ளைப் பரப்பின் நடுவே மணிக்கட்டோடு வெட்டிய சிவப்பு வலது கை, உள்ளங்கை நம்மைப் பார்த்தபடி. இருபுறமும் அதைத் தாங்கி நிற்கும் சிவப்புச் சிங்கங்கள். மேலே மூன்று நட்சத்திரங்கள். கீழே அலையில் நீந்தும் ஒரு சால்மன் மீன். 14ஆம் நூற்றாண்டு ஓ'நீல் அரசர் ஒருவரின் முத்திரையிலேயே இந்தக் கை இருக்கிறது. கை வந்ததற்கு ஒரு கதை உண்டு: கரையை முதலில் தொடுபவனுக்கே நாடு என்ற படகுப் போட்டியில், பின்தங்கிய ஒருவன் தன் கையை வெட்டிக் கரைக்கு வீசினானாம். நல்ல கதைதான், நம்பத்தான் முடியவில்லை.

நினைவுப்பொருள் கடைகளில் இந்தச் சின்னத்தைக் கோப்பைமீது அச்சடித்து 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று விற்பது வியாபாரம். கேடயச் சின்னம் அதைப் பெற்ற ஆளுக்கும் அவர் வாரிசுகளுக்கும் உரியது. பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. அயர்லாந்தில் 1943 முதல் இதைப் பதிவுசெய்து வழங்குபவர் டப்ளினில் உள்ள தலைமைச் சின்ன அதிகாரி.

அந்தக் கை ஓ'நீல்களிடம் மட்டும் நின்றுவிடவும் இல்லை. ஆங்கிலேயருடன் ஒன்பது ஆண்டு போரிட்டுத் தோற்ற ஹியூ ஓ'நீல் 1607இல் கப்பலேறி ஐரோப்பியப் பெருநிலத்துக்குப் போய்விட்டார். அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் இருந்த அவருடைய நிலங்களில் பிரிட்டனிலிருந்து ஆட்களைக் குடியேற்றினார் இங்கிலாந்து மன்னர் ஜேம்ஸ். அங்கே 30 வீரர்களுக்கு மூன்றாண்டுச் சம்பளம் கட்டுவோருக்கு 1611இல் பாரோனெட் என்ற பட்டத்தை விற்றார். வாங்கியவர்கள் கேடயத்தில் பொறித்துக்கொள்ளக் கிடைத்த அடையாளம், அதே அல்ஸ்டரின் சிவப்புக் கை! ஆனால் அவர்களுடையது இடது கை. கட்டைவிரல் நமக்கு வலப்பக்கம் இருந்தால் ஓ'நீல், இடப்பக்கம் இருந்தால் பாரோனெட்.