கல்லாச் சாவி நம்மிடம்; கடவுச்சொல் யாரிடம்?



இரவு கடையைக் கட்டியதும் கல்லாவைப் பூட்டிச் சாவியை மடியில் வைத்துக்கொண்டுதான் வீட்டிற்குக் கிளம்புகிறோம். கூடப் பிறந்த தம்பி கேட்டாலும் யோசித்துத்தான் கொடுப்போம். ஆனால் அதைவிடப் பெரிய சாவி ஒன்றை நம்மில் பலர் அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, அது எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் வியாபாரம் செய்துகொண்டிருக்கிறோம். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் நம் கடையின் கணக்கைத் திறக்கும் பயனர் பெயரும், கடவுச்சொல்லும், ஓ.டி.பி. வந்து சேரும் செல்போன் எண்ணும்தான் அந்தச் சாவி.

நம் சங்க உறுப்பினரான மளிகைக் கடைக்காரர் ஒருவரின் அனுபவத்தைக் கேளுங்கள். பதிவு எடுத்துக் கொடுத்தவர் தம்முடைய செல்போன் எண்ணையும் இ-மெயிலையும் கொடுத்திருந்தார். நம்மவர் மாதாமாதம் கூலியைக் கொடுத்து, கணக்கு ஒழுங்காகப் போகிறது என்று நம்பியிருந்தார். ஒருநாள் சரக்கு எடுக்கும் மண்டியில், "அண்ணாச்சி, உங்க நம்பர் ரத்து ஆயிருக்கே, பில் போட முடியலையே" என்றார்கள். விசாரித்தால், ஆறு மாதத்திற்கும் மேலாக ரிட்டர்ன் போடவில்லை. நோட்டீசும் வந்திருக்கிறது, ரத்து உத்தரவும் வந்திருக்கிறது. எல்லாம் அந்த நபரின் போனுக்கு! "ஒரு தபால்கூட வரவில்லையே" என்று அவர் கலங்கியது இன்னும் நம் கண்முன் நிற்கிறது. மேல் நடவடிக்கைக்கு மிச்சம் இருந்தது பதினோரு நாள்தான்.

தபால் வராமல் நோட்டீஸ் செல்லுமா?

சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169ஆம் பிரிவு, நோட்டீஸ் சார்வு செய்யும் வழிகளாக நேரில் கொடுப்பது, பதிவுத் தபால் ஆகியவற்றோடு, பதிவின்போது கொடுத்த இ-மெயிலுக்கு அனுப்புவதையும், இணையதளத்தில் ஏற்றி வைப்பதையும் சேர்த்துச் சொல்கிறது. 1959ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்ட காலத்தில் ஆபீஸ் ஆள் கடைக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். 2007இல் வாட் வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபின் நோட்டீஸ் பெரும்பாலும் இணையதளம் வழியாகவே வருகிறது.

இதனால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஒரு கையெழுத்துக்காகக் கடையைப் பூட்டிவிட்டு அரை நாள் ஆபீஸ் வாசலில் நின்ற காலம் மாறியிருக்கிறது. கொடுத்த மனுவுக்கு எண் கிடைக்கிறது. காகிதம் காணாமல் போவதில்லை. ஆனால் முன்பு ஆபீஸ் நம்மைத் தேடி வந்தது; இப்போது நாம்தான் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

மனதில் பதிக்க வேண்டிய கெடுக்கள்

மாதாமாதம் ரிட்டர்ன் போடுபவர் தொடர்ந்து ஆறு மாதம் தவறினாலும், காலாண்டு முறையில் இருப்பவர் தொடர்ந்து இரண்டு காலாண்டு தவறினாலும், பதிவை ரத்து செய்ய அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு, ஆண்டு ரிட்டர்னின் கெடு முடிந்து மூன்று மாதம் கடந்தால் இதே நிலைதான்.

முதலில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். ஏழு வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். அதற்குள் பாக்கி ரிட்டர்ன்களைப் போட்டு, வரியையும் வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் கட்டிவிட்டால் நடவடிக்கை கைவிடப்படும். ரத்து ஆகிவிட்டால், உத்தரவு சார்வான நாளிலிருந்து 90 நாளுக்குள் ரத்தை நீக்க விண்ணப்பிக்கலாம். 2023 அக்டோபருக்கு முன் இது 30 நாளாக இருந்தது. தக்க காரணம் காட்டினால் மேலும் 180 நாள் வரை அவகாசம் தர அதிகாரிக்கு இடமுண்டு.

முன்தேதியிட்டும் ரத்து செய்யலாம் என்பதை மொத்த வியாபாரிகள் கவனிக்க வேண்டும். அப்படி நடந்தால் நம்மிடம் சரக்கு வாங்கியவரின் உள்ளீட்டு வரிக்கும் சிக்கல் வரும். பல வருடப் பழக்கமுள்ள வாடிக்கை அதோடு முறிந்துபோகும்.

நாம் செய்ய வேண்டியவை

1. பதிவில் இருப்பது யாருடைய செல்போன் எண், யாருடைய இ-மெயில் என்று இன்றே பாருங்கள். கடவுச்சொல் கையில் இருந்தால், நம் எண்ணை நாமே மாற்றிக்கொள்ளலாம். அதிகாரியின் ஒப்புதல் தேவையில்லை.

2. கடவுச்சொல்லே நம்மிடம் இல்லையென்றால், அடையாளச் சான்று, பதிவுச் சான்றுகளுடன் நம் சரக அதிகாரியை நேரில் பார்க்க வேண்டும். இடைத்தரகர்கள் தங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டுக் கடவுச்சொல்லைத் தர மறுப்பதாகப் புகார்கள் வந்ததால், 2018இலேயே அரசு இந்த வழியை அறிவித்தது. அதிகாரி புது எண்ணையும் இ-மெயிலையும் பதிவு செய்வார். தற்காலிகக் கடவுச்சொல் நமக்கு வரும். அதை உடனே மாற்றிவிட வேண்டும்.

3. வாரம் ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட கிழமையில், இணையதளத்தில் நோட்டீஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். 'நோட்டீசுகள், உத்தரவுகள்' என்ற இடத்தோடு, 'கூடுதல் நோட்டீசுகள்' என்ற இடத்தையும் பார்க்கத் தவறாதீர்கள். கல்லூரியில் படிக்கும் மகனோ மகளோ ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

4. கணக்கு எழுதுபவரிடம் ரிட்டர்ன் போட்டதற்கான ரசீதை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள். அவர்மீது சந்தேகப்படுவதாக அர்த்தமில்லை. மூட்டை இறங்கும்போது நாம் எண்ணிப் பார்ப்பதில்லையா?

5. மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் போலித் தளங்கள் உண்டு. முகவரி 'ஜி.ஓ.வி. டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

அரசுக்கு நம் வேண்டுகோள் ஒன்று உண்டு. பதிவையே ரத்து செய்யும் உத்தரவு ஒரு குடும்பத்தின் பிழைப்பைத் தொடுவது. அதையாவது இணையதளத்தில் ஏற்றுவதோடு நிறுத்தாமல், கடை முகவரிக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்ப வேண்டும். கணினி அறியாத முதிய வணிகர்கள் இன்னும் ஏராளமாக இருக்கிறார்கள்.

நம் மளிகைக் கடை நண்பர் கடனை உடனை வாங்கி, பாக்கியை எல்லாம் கட்டி, கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில் விண்ணப்பித்தார். பதிவு திரும்பக் கிடைத்தது. இன்று அவர் செல்போனுக்கே ஓ.டி.பி. வருகிறது. உங்கள் ஓ.டி.பி. யாருக்கு வருகிறது? இந்த இதழை மூடி வைக்குமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.