குழந்தைக்குத் தேநீர் கொடுக்குமுன் குடிநீரைச் சோதியுங்கள்

சாயர்புரம் வட்டாரத்தில் பொழுது விடிந்ததும் வீட்டுக்கு வீடு தேநீர் கொதிக்கிறது. பெரியவர்கள் குடித்துவிட்டுத் தோட்டத்துக்குப் புறப்படும்போது சிறு பிள்ளைகளும் தம்ளரை நீட்டுகிறார்கள். அரைத் தம்ளர் தேநீரால் என்ன கெடுதல் என்று நீங்கள் நினைக்கலாம். குடிநீரில் புளோரைடு மிகுந்திருந்தால், அந்த அரைத் தம்ளரும் கணக்கில் சேரும்.

புளோரோசிஸ் நோய்

புளோரைடு பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் ஓர் உப்பு. சிறிதளவு பல்லுக்கு நல்லது. அளவு மீறினால் தீமை. பல்லின் மேற்பூச்சு உருவாகும் எட்டு வயதுக்குள் அது உடலில் மிகுந்தால், முளைக்கும் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கறையும் தோன்றும். இக்கறை தேய்த்தாலும் போகாது. பல்லாண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

இந்தியாவில் இந்நோய் 1937இல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டது. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. அவற்றுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. நமது தூத்துக்குடி மாவட்டத்திலும் ஒட்டப்பிடாரம் வட்டாரத்தின் சில ஊர்க் கிணறுகளில் அளவுக்கு மீறிய புளோரைடு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

தேயிலையில் எப்படி வந்தது?

தேயிலைச் செடி மண்ணிலுள்ள புளோரைடை உறிஞ்சி இலையில் சேர்த்து வைக்கிறது. கொழுந்தைவிட முற்றிய இலையில் அது அதிகம். பால் சேர்க்காத ஒரு லிட்டர் தேநீரில் இலையிலிருந்து மட்டும் சுமார் 1 முதல் 4 மில்லிகிராம் வரை இறங்கக்கூடும். தூளை நெடுநேரம் கொதிக்க வைத்தால் மேலும் கூடும். திபெத்தில் முற்றிய இலையை அழுத்திச் செய்த கட்டித் தேயிலையைக் குடித்தே இந்நோய் கண்டவர்கள் உண்டு.

ஒரு சிறு கணக்கு

குழந்தையின் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வரைதான் ஒரு நாளைக்குப் பாதுகாப்பு. 15 கிலோ குழந்தைக்கு இது 1.5 மில்லிகிராம். உங்கள் கிணற்று நீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் இருப்பதாகக் கொள்வோம். குழந்தை நாளொன்றுக்கு 900 மில்லி நீர் குடித்தால் 1.35 மில்லிகிராம் சேரும். இது எல்லைக்குள் உள்ளது. அதில் 200 மில்லியைத் தேநீராகக் கொடுத்தால், இலையிலிருந்து லிட்டருக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தாலும் 0.4 கூடி 1.75 ஆகிவிடும். எல்லை மீறியாயிற்று. நல்ல நீருள்ள வீட்டில் இதே தேநீர் எல்லை மீறாது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. குடிநீரைச் சோதியுங்கள். மோட்டாரைச் சிறிது நேரம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் கேனில் நீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை ஏற்கலாம். அடுத்தடுத்த கிணறுகளிலும் அளவு மாறும் என்பதால் பக்கத்து வீட்டு முடிவை நம்பியிருக்க வேண்டாம்.

2. ஆற்று நீரில் பொதுவாகப் புளோரைடு குறைவு. குழாயில் ஆற்று நீர் வந்தால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்துக்கொண்டு, ஆழ்துளைக் கிணற்று நீரைத் துவைக்கப் பயன்படுத்துங்கள்.

3. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும்.

4. எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தேநீர் வேண்டாம். உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதையும் அது குறைக்கிறது. நம்மூர்க் கருப்பட்டி இருக்கிறதே! தேயிலை போடாத சுக்கு மல்லிக் காப்பியோ பாலோ கொடுங்கள்.

5. பால், மோர், கேழ்வரகு, கீரை, நெல்லிக்காய் ஆகியவற்றை உணவில் சேருங்கள். சுண்ணாம்புச் சத்து புளோரைடு உடலில் ஏறுவதைக் குறைக்கும்.

6. பற்பசையைச் சிறு பிள்ளைகள் விழுங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மாடுகளின் பல்லையும் பாருங்கள். ஒரே கிணற்று நீரைக் குடிக்கும் மாடுகளின் முன்பற்களில் பழுப்புக் கறை கண்டால், நீரைச் சோதிக்க அதுவே போதிய காரணம்.

விதைக்குமுன் மண்ணைச் சோதிக்கும் நீங்கள், பிள்ளைக்குப் பல் முளைக்குமுன் நீரையும் சோதியுங்கள். கறை படிந்தபின் மாற்றுவது எளிதன்று. படியாமல் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது.