உடலை உலுக்கும் அதிர்வு

மோட்டார் வண்டியில் நெடுந்தூரம் சென்று இறங்கியவர்கள், நிலத்தில் நின்ற பின்னும் சிறிது நேரம் உடல் அதிர்வதுபோல் உணர்வதுண்டு. டிராக்டர், லாரி ஓட்டுவோர் இவ்வதிர்வை நாள்தோறும் பல மணி நேரம் தாங்குகின்றனர். அவர்களிடையே இடுப்புவலி மிகுதி என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதே அதிர்வை மருந்தாக விற்பவர்களும் உண்டு! அதிரும் மேடைமீது நாளும் சில நிமிடங்கள் நின்றால் எலும்பு வலுப்பெறும் என்கிறார்கள். எது உண்மை? விடை தேடியவர்கள் முதலில் விலங்குகளிடம் சென்றார்கள்.

அமெரிக்காவைச் சேர்ந்த கிளின்டன் ரூபின் என்பாரும் அவருடைய துணைவர்களும் 2001-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். வளர்ந்த பெண் செம்மறியாடுகளின் பின்னங்கால்களை அதிரும் மேடைமீது நிறுத்தினர். நாளொன்றுக்கு 20 நிமிடம், வாரத்தில் 5 நாள், இவ்வாறு ஓராண்டு. மேடை வினாடிக்கு 30 முறை அதிர்ந்தது. அதன் வேகவளர்ச்சி புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கே. கணக்கிட்டுப் பாருங்கள்: மேடை மேலும் கீழும் அசைந்த தூரம் கால் மில்லிமீட்டரைக்கூட எட்டாது. ஆயினும், தொடையெலும்பின் மேல்முனையில் கடற்பஞ்சு போல் துளைகள் நிறைந்த உள்ளெலும்பின் அடர்த்தி, அதிர்வு பெறாத ஆடுகளைவிட ஏறத்தாழ 34 விழுக்காடு மிகுந்திருந்தது. ஆடு நடக்கும்போது அதன் கால் தாங்கும் விசையை நோக்க, இவ்வசைவு மிக அற்பமானது. அவ்வளவு சிறிய தூண்டுதலுக்கு எலும்பு செவி சாய்த்ததே வியப்பு.

இனி, கனடாவில் சுண்டெலிகளைக் கொண்டு நடந்த ஆய்வைப் பார்ப்போம். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தை போன்ற வட்டுகள் உள்ளன அல்லவா? ஒரே ஒருமுறை அதிர்வு பெற்ற எலிகளில், அவ்வட்டின் திசுவை வளர்க்கும் மரபணுக்கள் சிறிது காலம் ஊக்கம் பெற்றதை ஆராய்ச்சியாளர் 2013-இல் அறிவித்தனர். நற்செய்தி என்றே எவரும் எண்ணுவர். பின்னர் அக்குழுவினரே நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்தில் 5 நாள் என 4 வாரங்கள் அதிர்வைத் தொடர்ந்தனர். மேடை வினாடிக்கு 45 முறை அதிர்ந்தது. வேகவளர்ச்சியோ ஆடுகள் பெற்ற அதே 0.3 பங்கு. 2015-இல் வெளிவந்த முடிவு வேறாயிற்று: வட்டுகள் சிதையத் தொடங்கியிருந்தன, முழங்காலின் குருத்தெலும்பிலும் சேதம் காணப்பட்டது.

எலும்புக்கு உரமான ஒன்று குருத்தெலும்புக்குக் கேடாகலாம் என்பது இதனால் புலனாகிறது. எனினும் எலிக்கு நேர்ந்தது மனிதனுக்கும் நேரும் என்று துணிந்துவிட முடியாது. சிறிய மணி கீச்சென்றும் பெரிய மணி ஆழ்ந்தும் ஒலிப்பதுபோல, ஒவ்வோர் உடலுக்கும் தனக்கே உரிய அதிர்வெண் உண்டு. வெளியிலிருந்து வரும் அதிர்வு அதனோடு பொருந்தினால் உடலின் ஆட்டம் பெருகும். இதனை ஒத்ததிர்வு என்பர். அமர்ந்திருக்கும் மனிதனின் முதுகெலும்புக்கு அது வினாடிக்கு 4 முதல் 6 வரை. டிராக்டர் இருக்கையின் தொல்லை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. சின்னஞ்சிறு எலிக்கோ அந்த எண் மிக உயர்ந்தது. மேலும், எலி நான்கு கால்களில் நிற்கிறது; நாம் முழங்காலைச் சற்று மடக்கி நின்றாலே அதிர்வின் பெரும்பகுதி தலையை எட்டாமல் அடங்கிவிடும்.

ஆகவே மனிதரிடமே சோதித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் முதியோர் 174 பேர் இதற்கு இசைந்தனர். ஒரு சாரார் அதே 0.3 பங்கு அதிர்வுள்ள மேடையிலும், மற்றொரு சாரார் அதிராத போலி மேடையிலும் நாளும் 10 நிமிடம் நின்றனர். 2015-இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் இரு சாராரின் எலும்பு அடர்த்தியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை.