அரிதான சொல்லுக்குத்தான் எடை

கோயம்புத்தூரில் கிரைண்டர் ரிப்பேர் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மாதாமாதம் பணம் கட்டினால் கூகுளில் எங்கள் கடையை முதல் இடத்துக்குக் கொண்டுவருவதாக ஓர் ஏஜென்சி சொல்கிறது. நம்பலாமா? நாங்களாகவே ஏதாவது செய்ய வழி உண்டா?"

முதல் கேள்விக்குக் கூகுளே பதில் எழுதி வைத்திருக்கிறது. முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது. உள்ளூர்க் கடைகளுக்கு அப்படி ஒரே ஒரு முதல் இடம் இருக்கவும் முடியாது. சிங்காநல்லூரில் நின்று தேடுகிறவருக்கு வரும் பட்டியல் வேறு, வடவள்ளியில் நின்று தேடுகிறவருக்கு வரும் பட்டியல் வேறு. பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்துத்தான் உள்ளூர் வரிசை அமைகிறது என்றும், காசு கொடுத்து அதில் மேலே வர முடியாது என்றும் கூகுள் சொல்கிறது. விளம்பரம் தனிக்கணக்கு. கடையைப் பெயர்த்துக்கொண்டு போய் வாடிக்கையாளர் பக்கத்தில் வைக்க முடியாது. பிரபலம் வருஷக்கணக்கில் சேர்வது. முழுக்க நம் கையில் இருப்பது பொருத்தம் மட்டும்தான். தேடுபொறிகளின் மிக அழகான கணக்கு ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

ஆயிரம் பேர் கூடிய கல்யாண மண்டபத்தில் உங்கள் சித்தப்பாவைத் தேடிப்போகிறவரிடம் என்ன அடையாளம் சொல்வீர்கள்? 'வெள்ளை வேட்டி கட்டியிருப்பார்' என்றால் தேடுகிறவர் அப்படியே திரும்பி வந்துவிடுவார். 'சிவப்புத் தலைப்பாகை' என்றால் அரை நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார். எத்தனை பேரிடம் ஓர் அடையாளம் இருக்கிறதோ, அவ்வளவுக்கு அதன் பயன் குறைகிறது. தேடுபொறி இதை எண்ணாகவே மாற்றிவிடுகிறது. மொத்தப் பக்கங்களின் எண்ணிக்கையை, அந்தச் சொல் இருக்கும் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்து, பத்தடிமான மடக்கை (லாக்) எடு. ஆயிரம் பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆயிரத்திலும் உள்ள சொல்லுக்கு எடை பூஜ்யம். நூறில் உள்ள சொல்லுக்கு 1. பத்தில் மட்டும் உள்ளதற்கு 2. ஒரே பக்கத்தில் இருந்தால் 3. இலக்கணமோ அர்த்தமோ அறியாத இயந்திரம், வெறும் எண்ணிக்கையை வைத்தே எந்தச் சொல் விஷயமுள்ளது என்று கண்டுகொள்கிறது.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். இந்த யோசனையைக் கேம்பிரிட்ஜில் இருந்த கரேன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் வெளியிட்டார். கூகுள் நிறுவனம் தொடங்கியது அதற்கு 26 ஆண்டுகள் கழித்து.

சரி, சித்தப்பா ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பத்துத் தலைப்பாகை கட்டிக்கொண்டால்? கொஞ்சம் கூடுதலாகத் தெரிவார், பத்து மடங்கு தெரியமாட்டார். 1990-களில் லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சனும் சகாக்களும் உருவாக்கிய 'பிஎம்25' சூத்திரம் இதற்கும் கணக்கு சொல்கிறது. சராசரி நீளமுள்ள ஒரு பக்கத்தில் ஒரு சொல் ஒருமுறை வந்தால் மதிப்பு 1 என்று கொண்டால், வழக்கமான அமைப்பில், பத்து முறை வந்தால் 1.96. நூறு முறை வந்தால் 2.17. எத்தனை ஆயிரம் முறை எழுதினாலும் 2.2-ஐத் தாண்டாது. 'கிரைண்டர் ரிப்பேர் கோயம்புத்தூர், கிரைண்டர் சர்வீஸ் கோயம்புத்தூர்' என்று பக்கத்தின் அடியில் அடுக்கும் வேலைக்கு யாராவது பணம் கேட்டால், இந்த எண்களைக் காட்டலாம். அப்படி அடுக்குவதைக் கூகுள் விதிமீறலாகவே கருதுகிறது. அதேபோல, பக்கத்துக்குள் மறைவாக முக்கியச் சொற்களை எழுதிவைக்கும் 'கீவேர்ட்ஸ் டேக்' வேலையும் வீண். வரிசைப்படுத்த அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

இப்போது கடையின் இணையதளத்துக்கு வருவோம். 'தரமான சேவை, நியாயமான விலை, வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் நோக்கம்.' அத்தனையும் வெள்ளை வேட்டி. கோவை வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். எங்கெங்கோ இருந்து விற்கிறவர்கள்கூடத் தங்கள் பக்கங்களில் 'கோயம்புத்தூர்', 'கிரைண்டர்' இரண்டையும் சேர்த்தே எழுதுகிறார்கள். ஆகவே அந்த இரண்டு சொற்களை மட்டும் நம்பவும் வழியில்லை.

எடையுள்ள சொற்கள் கடைக்கு வருகிறவர்களின் வாயில் இருக்கின்றன. டில்டிங் கிரைண்டருக்குப் பெல்ட் கிடைக்குமா? டேபிள் டாப்பில் டிரம்முக்கு அடியில் தண்ணீர் ஒழுகுகிறது. கல் தேய்ந்துவிட்டது, கொத்தித் தருவீர்களா? கன்டன்சர் போய்விட்டதாம், மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் போடுங்கள். அதில் கோளாறு எதனால் வருகிறது, சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும், என்ன செலவாகும், எந்தெந்தப் பகுதிக்கு வீட்டுக்கே ஆள் வருவார் என்று எழுதுங்கள். பழுதுபார்க்கிறவர் பத்து நிமிஷம் பேசுவதை அப்படியே எழுதிக்கொண்டாலே ஒரு பக்கம் தேறிவிடும். பெரிய விற்பனைத் தளங்களில் இந்தச் சொற்களில் பல இருக்காது.

தலைப்பாகையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நிற்பவர்களும் உண்டு. விலைப்பட்டியல் முழுவதையும் நோட்டீஸ் மாதிரி ஒரே படமாகப் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் உள்ள எழுத்தைத் தேடுபொறி படிக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. இன்னும் மோசம், அச்சகத்தில் பழைய பாமினி எழுத்துருவில் தட்டியதை அப்படியே தளத்தில் ஏற்றுவது. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கணினிக்குள் இருப்பவை பொருளில்லாத ஆங்கில எழுத்துகள். யூனிகோடில் மாற்றி ஏற்றாவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை என்றே அர்த்தம்.

இன்றைய கூகுள் இந்த ஒரு கணக்கில் மட்டும் ஓடவில்லை. 2019 முதல் 'பெர்ட்' போன்ற மொழி மாதிரிகளும் கேள்வியின் பொருளைப் பார்க்கின்றன. இதைச் சொல்லி 'ஏஐ தேடலுக்கு ஏற்றபடி மாற்றித் தருகிறோம்' என்று புதிய பேக்கேஜ்கள் வந்துவிட்டன. ஏஐ பதில்களில் இடம்பெறத் தனியாக எந்த வித்தையும் தேவையில்லை என்பதே கூகுளின் அறிவிப்பு. பொருளைப் பார்க்கும் இயந்திரத்துக்கும் பக்கத்தில் பொருள் இருக்க வேண்டும்.

வேலையைத் தொடங்க நல்ல இடம், கடையின் விவரங்களைக் கூகுளில் பதியும் கூகுள் பிசினஸ் புரொஃபைல். கடைப்பெயர், முகவரி, போன் நம்பர், வேலை நேரம் எல்லாம் அங்கேயும் தளத்திலும் ஒன்றுபோல இருக்கட்டும். பிறகு கூகுளின் சர்ச் கன்சோலில் தளத்தைப் பதிந்துவையுங்கள். இரண்டும் இலவசம். பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருஷம்வரை ஆகலாம் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. என்ன சொல் தட்டி உங்கள் பக்கம் மக்கள் கண்ணில் பட்டது என்பதைச் சர்ச் கன்சோல் 16 மாதம்வரை காட்டும். மாதம் ஒருமுறை அந்தப் பட்டியலைப் படியுங்கள். 'கிரைண்டர் சத்தம் வருது' என்று தட்டியவர்கள் பலர் இருந்து, சத்தத்தைப் பற்றி உங்கள் தளத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால், அடுத்து எழுத வேண்டிய பக்கம் அந்தச் சத்தத்தையும் பேரிங்கையும் பற்றியது.