மணவிலக்கின்றிப் பிரிந்து வாழ்தல்

கணவனைப் பிரிந்து தாய்வீட்டில் இருக்கும் பெண்ணை ‘வாழாவெட்டி’ என்று சொல்லும் வழக்கம் நம்மவரிடையே நெடுநாளாக உண்டு. மனைவியைப் பிரிந்து வாழும் ஆணைக் குறிக்க அத்தகைய சொல் வழக்கில் இல்லை என்பது கருதத்தக்கது. இச்சொல்லின் நிழலில் தவறான எண்ணம் ஒன்றும் வளர்ந்துவிட்டது. கணவனோடு வாழாமலும் மணவிலக்குப் பெறாமலும் இருப்பவளுக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்பதே அது. உண்மை அவ்வாறன்று. மணவுறவை அறுக்காமலே பிரிந்து வாழ்வோர்க்கு மலேசியச் சட்டமும் சிங்கப்பூர்ச் சட்டமும் சில வழிகளை வகுத்துள்ளன.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. ‘விவாகரத்து’ என்பதன் முற்பாதி வடமொழி. பிற்பாதி அரபு மூலத்திலிருந்து உருது வழியாக வந்தது. இரு மொழிகள் கூடி ‘பிரித்தல்’ என்ற பொருளைத் தந்திருப்பது ஒரு வேடிக்கை. விவாகரத்தில் மணமே இல்லாதொழிகிறது. ‘நீதிமன்றப் பிரிவு’ என்பது வேறு. அதில் மணம் நிற்கிறது. ஒருங்கு வாழ வேண்டும் என்ற கடமை மட்டும் நீங்குகிறது. இங்கிலாந்தில் 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை இத்தகைய வழக்குகள் தேவாலய மன்றங்களின் கையில் இருந்தன. அம்மன்றங்கள் செல்லுபடியாகும் மணத்தை அறுப்பதில்லை. படுக்கையும் பந்தியும் வேறாக வாழலாம் என்று மட்டுமே தீர்ப்பளிக்கும். முழு மணவிலக்கு வேண்டியவர் பாராளுமன்றத்தில் தமக்கெனத் தனிச்சட்டமே நிறைவேற்றிக்கொள்ள வேண்டியிருந்தது! அச்சட்டத்தால் இவ்வதிகாரம் பொது நீதிமன்றத்துக்கு வந்தது. அந்த மரபே இந்நாடுகளின் சட்டங்களிலும் தொடர்கிறது.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாரின் மணவாழ்வை ஆளுவது 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம். அது 1982 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது. சிங்கப்பூரில் 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனம் ஆள்கிறது. முஸ்லிம்களுக்கு மலேசியாவில் மாநிலந்தோறும் தனிச்சட்டமும், சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டின் முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டமும் உண்டு. இங்குக் கூறுவனவற்றுள் பல அவர்களுக்குப் பொருந்தா. தோட்டங்களில் பழைய வழக்கப்படி தாலி கட்டி மணந்த மூதாட்டியர் சிலர், தம்மிடம் பதிவுத் தாள் இல்லையே என்று அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் வேண்டுவதில்லை. 1982 மார்ச் 1க்கு முன் சமயமுறைப்படியோ வழக்கப்படியோ முறையாக நடந்த திருமணத்தைப் பதிவானதாகவே மலேசியச் சட்டம் கொள்கிறது.

பிரிவின் எளிய வடிவம் பிரிவு ஒப்பந்தம். வழக்கறிஞர் வழி எழுதிக்கொள்ளும் இப்பத்திரத்தில், தனித்தனியே வாழ இசைவது, மாதந்தோறும் தரும் தொகை, பிள்ளைகள் யாரிடம் வளர்வது, வீட்டுக் கடனை யார் கட்டுவது, ஒருவரையொருவர் தொல்லை செய்யாதிருப்பது ஆகியவை இடம்பெறும். மன்றத்துக்குப் போக வேண்டுவதில்லை, செலவும் குறைவு. எனினும் இது கல்வெட்டு அன்று. நிலைமை பெரிதும் மாறிவிட்டால் ஒப்பந்தத்தில் கண்ட ஜீவனாம்சத்தை மாற்றியமைக்க மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ‘மாற்றக்கூடாது’ என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தாலும் அது செல்லாது. ஒரு பெருந்தொகையை ஒரே முறையில் வாங்கிக்கொண்டு இனி ஒன்றும் கேளேன் என்று மனைவி கையெழுத்திடுவதும் மலேசியாவில் மன்றத்தின் ஒப்புதல் பெறும்வரை செயலுக்கு வாராது. அவசரத்தில் கையெழுத்திட்ட பெண்களுக்கு இவ்விதி அரணாகும்.

கணவன் ஒப்பந்தத்துக்கும் வரவில்லை, பணமும் தரவில்லை என்றால் என்ன செய்வது? மலேசியாவில் 1950ஆம் ஆண்டிலேயே மணமான பெண்கள், குழந்தைகள் பராமரிப்புச் சட்டம் வந்துவிட்டது. சிங்கப்பூரில் மாதர் சாசனமே அதற்கு வழிசெய்கிறது. மணவிலக்கும் நீதிமன்றப் பிரிவும் கேளாமல், ஜீவனாம்சம் மட்டும் கேட்கலாம். மனைவி பிரிந்ததற்குத் தக்க காரணம் உண்டா என்பதை மன்றம் பார்க்கும். பிள்ளைகளின் உரிமையோ பெற்றோர் பூசலைப் பொறுத்ததன்று.

மூன்றாவது வழி நீதிமன்றப் பிரிவு. மணவிலக்குக்குச் சொல்லும் காரணங்களையே இதற்கும் காட்டலாம்: பிறர்மனை உறவு, கூடி வாழ இயலாத நடத்தை, 2 ஆண்டுகள் கைவிட்டிருத்தல், நெடுநாள் பிரிந்திருத்தல். கடைசிக் காரணத்துக்கு மலேசியாவில் 2 ஆண்டுகள் வேண்டும்; சிங்கப்பூரில் மற்றவர் இசைந்தால் 3, இசையாவிடில் 4. மணமான புதிதில் துன்புறுவோர்க்கு இவ்வழி பெரிதும் உதவும். மணவிலக்குக் கேட்க மலேசியாவில் 2 ஆண்டுகளும் சிங்கப்பூரில் 3 ஆண்டுகளும் பொறுத்திருக்க வேண்டும் என்பது பொதுவிதி; நீதிமன்றப் பிரிவுக்கு அத்தடை இல்லை. சமயக் கொள்கையால் மணவிலக்கை ஏலாதவரும், இன்னும் ஒரு நாள் சேர்ந்துவிடலாம் என்று நம்புகிறவரும் இதனையே நாடுவர். சேர்ந்தால் மறுபடி மணம் செய்ய வேண்டுவதில்லை அன்றோ? மறுபுறம், பின்னர் மணவிலக்குக் கேட்கவும் இது தடையாகாது. பிரிவுத் தீர்ப்பு வழங்கும்போதே சொத்தைப் பங்கிடவும் ஜீவனாம்சம் விதிக்கவும் மன்றத்தால் இயலும்.

பிரிந்திருத்தல் என்பது தூரத்தை மட்டும் குறிப்பதன்று. ஜோகூரில் மனைவியும் சிங்கப்பூரில் கணவனுமாக வேலையின் பொருட்டு வாழ்வது சட்டம் கருதும் பிரிவாகாது. மணவாழ்வு முடிந்தது என்று ஒருவராவது உள்ளத்தில் கொண்டிருத்தல் வேண்டும் என இங்கிலாந்து மேல்முறையீட்டு மன்றம் 1972இல் சாண்டோஸ் வழக்கில் விளக்கியது. ஒரே கூரையின்கீழ் இருந்தும் உலையும் வாழ்வும் வேறாகிவிட்டால் அது பிரிவாகக் கொள்ளப்படலாம்.

‘ஏழாண்டு பிரிந்திருந்தால் மணம் தானே அறுந்துவிடும்’ என்று சிலர் நம்புகின்றனர். எத்தனை ஆண்டு சென்றாலும் அது அறாது. பிரிந்தவர் மணவிலக்கின்றி வேறொருவரை மணந்தால் அந்த மணம் செல்லாது. குற்றவியல் சட்டப்படி 7 ஆண்டு வரை சிறையும் நேரலாம். இறப்பிலும் இதன் விளைவு தெரியும். வெறுமனே பிரிந்து வாழ்ந்த கணவன் உயிலின்றி இறந்தால், சட்டப்படி மனைவியானவளே பங்கு பெறுகிறாள். இருபது ஆண்டு உடன் வாழ்ந்த மற்றொருத்திக்கு மனைவி என்ற பங்கு இல்லை. பெற்றோர் இல்லாமல் பிள்ளைகள் மட்டும் இருப்பின், மேற்கு மலேசியாவில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, சிங்கப்பூரில் பாதி. சேமநிதிக்கோ கணக்கே வேறு. மலேசிய ஊழியர் சேமநிதியில் முஸ்லிம் அல்லாதார் குறிப்பிட்ட பெயரும், சிங்கப்பூர் மத்திய சேமநிதியில் குறிப்பிட்ட பெயரும் பிரிவினால் தாமே மாறா. மாற்ற விரும்புகிறவர் புதிதாகப் பெயர் குறிப்பிட்டாக வேண்டும்.