பள்ளி விட்ட பின் நம் பிள்ளைகள்

சுண்ணாம்புக்குளம் முதலிய பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களிலிருந்து வந்து சிகிச்சை பெறும் தாய்மார்கள், தங்கள் உடல்நலம் பற்றிப் பேசி முடித்தபின் தயக்கத்துடன் வேறொன்றையும் கேட்பதுண்டு. "பள்ளிக்கூடத்தில் ஒழுங்காகத்தான் இருக்கிறானாம் டாக்டர். மணி அடித்துவிட்டால் பேருந்து நிறுத்தத்திலும் கடைத்தெருவிலும் அவனைப் பிடிக்க முடியவில்லை. ஊரார் குறை சொல்கிறார்கள். நான் இங்கே படுத்துக்கிடக்கிறேன், என்ன செய்வது?" ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைப் பற்றியே இக்கேள்வி பெரும்பாலும் எழுகிறது. இதற்கு மருத்துவம் கூறும் விடையை இங்கே விளக்குகிறோம்.

காரணங்கள் யாவை?

முதற் காரணம் பசி. சத்துணவு உண்பது நண்பகலில். பள்ளி விடுவதோ மாலை நான்கு மணியளவில். வயிறு காய்ந்த பிள்ளைக்கு எரிச்சல் எளிதில் வரும். இரண்டாவது, நாள் முழுவதும் அடங்கி அமர்ந்திருந்த களைப்பு.

மூன்றாவது, மூளையின் வளர்ச்சி. ஆசையையும் ஆர்வத்தையும் தூண்டும் பகுதிகள் பருவமடையும் வயதிலேயே விழித்துக்கொள்கின்றன. விளைவை எண்ணிப் பார்த்துத் தடுக்கும் முன்மூளையோ ஏறத்தாழ 25 வயது வரை வளர்கிறது. நண்பர்கள் உடனிருக்கும்போது இந்த இடைவெளி மேலும் பெரிதாகிறது. 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், காரோட்டும் கணினி விளையாட்டில் 13 முதல் 16 வயதினர் தனியே ஆடியபோதைவிட நண்பர்கள் பார்த்திருக்கையில் மிகுதியான ஆபத்துகளை மேற்கொண்டனர். பெரியவர்களிடம் அவ்வேறுபாடு காணப்படவில்லை. வீட்டில் சாதுவாக இருப்பவன் பேருந்துப் படியில் தொங்குவது இதனால்தான்.

நான்காவது காரணத்தைப் பலர் எண்ணுவதில்லை. தாயோ தந்தையோ நோயுற்றால் பிள்ளையின் மனத்தில் அச்சம் புகுகிறது. அதைச் சொல்லத் தெரியாத வயதில், அது சண்டையாகவும் முரட்டுத்தனமாகவும் வெளிப்படும்.

வீட்டில் செய்யக்கூடியவை

கடலுக்கோ மீன் விற்கவோ சென்றவர்கள் திரும்பத் தாமதமாகலாம். ஆதலால் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ வாழைப்பழமோ காலையிலேயே பையில் வைத்து அனுப்புங்கள்.

"சேட்டை செய்யாதே" என்ற சொல் பிள்ளைக்கு எதையும் கற்பிப்பதில்லை. செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: வரிசையில் நின்று ஏறு, பெரியவர்களுக்கு இடம் கொடு, பெரியவர் துணையின்றி ஏரியில் இறங்காதே. மூன்று விதிகள் போதும். அவற்றைக் காலையில் அமைதியாக நினைவூட்டுங்கள்.

விதியைக் கடைப்பிடித்த அன்றே, இன்ன செயல் நன்று எனக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். "நல்ல பிள்ளை" என்பதைவிட, "பாட்டிக்கு இடம் கொடுத்தாயாமே" என்பது ஆழமாகப் பதியும். தெருவில் பலர் முன்னிலையில் அடிப்பதும் ஏசுவதும் வெட்கத்தையும் வன்மத்தையும் வளர்க்கும். தவற்றை வீட்டிற்கு வந்தபின் தனியே பேசுங்கள்.

நோயைப் பற்றியும் பிள்ளையின் வயதுக்கேற்ப உண்மையைச் சொல்லுங்கள். "அம்மாவுக்கு மருத்துவம் நடக்கிறது; உன்னால் வந்த நோய் அன்று; நீ வீடு வந்ததும் அத்தையிடம் சொல்" என்ற அளவே பெரும் ஆறுதல் தரும். மருத்துவமனையில் இருக்கும் நாட்களில், மாலை நான்கு முதல் ஆறு மணி வரை பிள்ளை யார் பொறுப்பில் இருப்பான் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

ஊர் செய்யக்கூடியவை

ஏரியில் யார், எந்நாளில், எவ்விடத்தில் வலையிடுவது என்பதைப் பழவேற்காட்டு மீனவர்கள் 'பாடு' என்னும் முறையால் தமக்குள் வகுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஊர் கூடி ஏற்ற முறை என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. பேருந்து நிறுத்தத்து வரிசையும் ஒருவகைப் பாடுதான். அவ்விதியைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு வகுத்தால் அவர்களே அதைக் காப்பார்கள். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில் தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினர். பள்ளி விட்ட பின் பிள்ளை சென்றமர ஓர் இடமும், பார்த்துக்கொள்ள ஒரு பெரியவரும் இருப்பதே பெரும் பாதுகாப்பு.

எப்போது எங்களிடம் அழைத்து வர வேண்டும்?

அழைத்தாலும் திரும்பிப் பாராத பிள்ளையைத் திமிர் பிடித்தவன் எனக் கருதுமுன் காதைப் பரிசோதியுங்கள். காதில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்திருக்கலாம். வீடு, பள்ளி, தெரு என எங்கும் ஆறு மாதங்களுக்கு மேலாக அமைதியின்மையும் கவனக்குறைவும் இருந்தாலும், இயல்பு திடீரென மாறினாலும், பள்ளி செல்ல அஞ்சினாலும், புகையிலைப் பழக்கம் தெரிந்தாலும் தாமதியாமல் வாருங்கள். பிள்ளையை யாரேனும் துன்புறுத்துவதாக ஐயம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

உங்கள் படுக்கையருகே நாங்கள் வரும்போது பிள்ளையைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். அக்கவலை தீர்வதும் உங்கள் சிகிச்சையின் ஒரு பகுதியே.