சைலன்சரை அரிப்பது சூடா, தண்ணீரா?

தொம்மலூர் மேம்பாலத்தை ஒட்டி, பழைய விமான நிலையச் சாலையில் காலை நேரத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் கார்களில் டர்போ பொருத்திய பெட்ரோல் வண்டிகள் இப்போது ஏராளம். 2013இல் போலோ ஜிடி டிஎஸ்ஐ வந்தபோது அது வேகப் பிரியர்களின் வண்டியாக இருந்தது. நெக்ஸான், வென்யூ போன்றவை வந்தபின் டர்போ குடும்பக் காருக்குள்ளும் நுழைந்துவிட்டது. அதோடு சேர்ந்து புகைக்குழாயை மாற்றும் ஆசையும் பரவியிருக்கிறது. எந்த உலோகத்தில் மாற்றுவது என்ற கேள்விக்குப் பெரும்பாலோர் வெப்பத்தை மட்டும் வைத்தே விடை தேடுகிறார்கள். பெங்களூரு தெருவில் ஓடும் காருக்கு அது பாதி விடைதான்.

முதலில் வெப்பத்தைப் பார்ப்போம். எஞ்சினை முழுமூச்சாக ஓட்டும்போது டர்பைனுக்குள் நுழையும் வாயு 900 டிகிரி செல்சியஸைத் தாண்டும். சில எஞ்சின்களில் 1,000 டிகிரியை நெருங்கும். தன் சக்கரத்தைச் சுழற்றுவதற்காக அந்த ஆற்றலில் ஒரு பங்கை டர்பைன் எடுத்துக்கொள்வதால், வெளியே வரும் வாயு நூறு டிகிரிக்கு மேல் தணிந்திருக்கும். அதை வாங்கிக்கொள்ளும் டவுன்பைப்தான் மாற்றுவோர் கைவைக்கும் குழாய்களிலேயே அதிகம் காய்வது. அங்கிருந்து பின்னால் போகப் போகச் சூடு இறங்கிக்கொண்டே வரும். சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியின் கடைசிச் சைலன்சர் சரியாகக் காய்வதே இல்லை.

ஆகவே ஒரே வண்டியின் ஒரே குழாய்வரிசையில், முன்பகுதிக்கு எதிரி நெருப்பு, பின்பகுதிக்கு எதிரி நீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 0.9 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீராவியாகக் கிளம்பும் அது, குளிர்ந்த குழாயைத் தொட்டதும் படிந்துவிடும். இந்திரா நகரிலிருந்து கோல்ஃப் லிங்க்ஸ் அலுவலக வளாகம்வரை சில கிலோமீட்டர் ஓடி நிறுத்தப்படும் கார், அந்தத் தண்ணீரை உலர்த்தாமலே உறங்கப் போகிறது. படியும் நீர் லேசான அமிலத்தன்மை கொண்டது. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ் 6 எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைக்கப்பட்டதால் அமிலத்தின் கடுமை தணிந்திருக்கிறது. தண்ணீர் குறையவில்லை. சாதாரண எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) குழாய் உள்ளிருந்து துருப்பிடித்து ஓட்டையாவதற்கு இதுவே காரணம்.

துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதிலுள்ள குரோமியம். அது காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு தோலாகப் படிகிறது. கார் நிறுவனங்கள் அதிகம் பயன்படுத்தும் 409 கிரேடில் குரோமியம் சுமார் 11 சதவீதம். நிக்கல் இல்லையென்றே சொல்லலாம். வெளியே பழுப்பேறும், ஆனால் எளிதில் ஓட்டையாகாது. எவர்சில்வர் பாத்திரங்களில் உயர்ந்த ரகமான 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம். துருவை எதிர்ப்பதில் இது பல படி மேல்.

ஆனால் 304க்கும் ஒரு பலவீனம் உண்டு: சூடானால் அது நிறைய நீளும். ஒரு மீட்டர் குழாய் 500 டிகிரி சூடேறினால் 304 சுமார் 9 மில்லிமீட்டர் நீளும், 409 சுமார் 6 மில்லிமீட்டர். குளிரும்போது எஃகு சுருங்கும் அளவுக்கு ஆக்சைடு தோல் சுருங்காததால் அது செதில் செதிலாக உதிரும். தொடர்ந்து சூடாகவே இருந்தால் சுமார் 925 டிகிரிவரை தாங்கும் 304, சூடாகிக் குளிர்ந்து மறுபடி சூடாகும் நிலையில் 870 டிகிரிக்கு மேல் தாங்காது என்று பொறியியல் அட்டவணைகள் சொல்வது இதனால்தான். நெடுஞ்சாலையைவிட நகரத் தெரு உலோகத்தை அதிகம் வதைக்கிறது. டவுன்பைப்பில் நெளிந்துகொடுக்கும் பெல்லோஸ் துண்டு இல்லாவிட்டால், அந்த 9 மில்லிமீட்டர் தனக்கான வழியை வெல்டிங் விளிம்பில் விரிசலாகத் தேடிக்கொள்ளும்.

இன்னொன்று. 425 முதல் 850 டிகிரிக்குள் நெடுநேரம் கிடந்தால் 304இன் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடும். காக்க வேண்டிய இடத்தில் குரோமியம் குறைந்து, வெல்டிங்கை ஒட்டிய பகுதி அரிக்கத் தொடங்கும். கார்பன் குறைவான 304எல் ரகமும், கார்பனைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள டைட்டானியம் சேர்த்த 321 ரகமும் இதற்காகவே உருவானவை. டவுன்பைப்புக்கு 321 கிடைத்தால் அதுவே சிறந்தது.

இன்கோனெல் போன்ற நிக்கல் கலவைகளின் உண்மையான வீடு தொம்மலூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி எச்.ஏ.எல்.லும், காவேரி எஞ்சினை உருவாக்கிய ஜிடிஆர்இ ஆய்வகமும் கையாளும் ஜெட் எஞ்சின்களின் சூடான பகுதிகளுக்கு அவை இல்லாமல் முடியாது. தெருக் காருக்கு அந்தச் செலவு வீண். அடுத்தது டைட்டானியம். அதன் கனிமம் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே இருக்கிறது. இந்த உலோகத்தின் எடை எஃகில் பாதியைவிடச் சற்றே அதிகம், அழகும் உண்டு. ஆனால் 600 டிகிரியைத் தாண்டினால் காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். கடைசிச் சைலன்சருக்கு வேண்டுமானால் போடலாம். டர்போவுக்கு அருகில் கூடாது.

இந்தியச் சந்தையில் தவறான உலோகத்தைத் தேர்வதைவிடப் பெரிய ஆபத்து, 304 என்ற பெயரில் 200 வரிசை எஃகு கைமாறுவது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவு ரகம் அது. ஜே4 என்று விற்கப்படும் வகையில் நிக்கல் ஒரு சதவீத அளவில்தான் இருக்கும். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று நம்பிவிடுகிறோம். 200 வரிசையிலும் காந்தம் ஒட்டாது. நம்பகமான 409இலோ காந்தம் நன்றாகவே ஒட்டும். ஒரு சொட்டு ரசாயனத்தையும் சிறு பேட்டரியையும் வைத்து மாங்கனீஸைக் காட்டிக்கொடுக்கும் எளிய சோதனை எஃகு வியாபாரிகளிடம் உண்டு. ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் பீன்யாவில் செய்யச் சொன்னாலும் அந்தச் சோதனையைச் செய்து காட்டச் சொல்வது நம் உரிமை.

வெல்டிங்கும் உலோகத்துக்குச் சமமாக முக்கியம். ஆர்கான் வெல்டிங் செய்யும்போது குழாயின் உட்புறத்திலும் ஆர்கான் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் உள்விளிம்பு கருகிச் சொரசொரப்பாகும். முதல் விரிசல் அங்கேதான் பிறக்கும். நல்ல கையில் செய்த 409, அவசரத்தில் செய்த 304ஐவிட நீடித்து உழைக்கும்.

என் தீர்ப்பு இதுதான்: டவுன்பைப்புக்கு 321 அல்லது 304எல், பெல்லோஸோடு; அதன்பின் முழுவதும் 304. செலவு இடித்தால் கம்பெனி கொடுத்த 409ஐ அப்படியே விட்டுவிடுங்கள், அது நல்ல எஃகுதான். குழாயை மாற்றும் முன் அது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுக்கு உட்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்த உலோகத்தைத் தேர்ந்தெடுத்தாலும் புகையிலுள்ள நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அதைக் கழற்றினால் சிக்னலில் பக்கத்தில் நிற்கும் இருசக்கர வண்டிக்காரர்தான் அந்தப் புகையைச் சுவாசிப்பார்.